நடிகர்கள் நடித்த வீடியோ கேம்கள்: டிஸ்க் அழியும் முன் காப்பாற்றுவது எப்படி?

கம்ப்யூட்டர் கேம் என்றால் கார் ஓட்டுவது, துப்பாக்கியால் சுடுவது, கிரிக்கெட் ஆடுவது என்றுதான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் நினைப்பார்கள். இவற்றில் எல்லாம் திரையில் தெரியும் உருவங்களைக் கம்ப்யூட்டரே அந்தந்த நொடியில் வரைந்து காட்டுகிறது. ஆனால் 1980களிலும் 90களிலும் வேறு ஒரு வகை கேம்கள் வந்தன. உண்மையான நடிகர்களை வைத்து சினிமா போலவே படம் பிடித்து, அந்த வீடியோவைத் துண்டு துண்டாக டிஸ்க்கில் பதிவு செய்திருப்பார்கள். நீங்கள் எந்தப் பட்டனை அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து அடுத்த துண்டு ஓடும். இவற்றை ஃபுல் மோஷன் வீடியோ கேம்கள், சுருக்கமாக எஃப்எம்வி கேம்கள் என்று அழைப்பார்கள்.

நேர்மையாகச் சொன்னால் இவற்றில் பாதி கேம்கள் விளையாடச் சலிப்பானவை. நடிப்பும் சுமார்தான். இருந்தும் இவற்றைக் காப்பாற்றுவதற்காகப் பல நாடுகளில் பலர் சம்பளம் இல்லாமல் உழைத்து வருகிறார்கள். அமெரிக்காவில் உள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்த நாட்டில் 2010க்கு முன்பு வெளியான கேம்களில் 87 சதவீதத்தை இன்று கடையில் வாங்க முடியாது என்று அது கூறியது. எஃப்எம்வி கேம்களின் நிலை இன்னும் மோசம். மற்ற கேம்களில் புரோகிராமைக் காப்பாற்றினால் போதும். இதிலோ புரோகிராம், வீடியோ இரண்டையும் காப்பாற்ற வேண்டும். ஒன்று போனாலும் மற்றது பயன்படாது.

"யாராவது விளையாடியதை ரெக்கார்டு செய்து யூடியூபில் போட்டிருப்பார்களே, அது போதாதா?" என்று என் நண்பர்கள் கேட்பதுண்டு. போதாது. நைட் டிராப் என்ற கேமில் ஒரு வீட்டின் எட்டு இடங்களில் ஒரே நேரத்தில் சம்பவங்கள் நடக்கும். எட்டு கேமராக்களில் எதைப் பார்ப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தால் படுக்கை அறையில் நடப்பது போய்விடும். ஒருவர் விளையாடிய ரெக்கார்டிங்கில் அவர் பார்த்தது மட்டும்தான் இருக்கும். மீதி ஏழு அறைகள் அதில் இல்லை.

லேசர் டிஸ்க் காலம்

இந்த வகை கேம்களைப் பிரபலமாக்கியது 1983ல் வெளிவந்த டிராகன்ஸ் லேர். இதில் நடிகர்கள் கிடையாது. டிஸ்னியில் வேலை பார்த்து வெளியேறிய டான் புளூத்தின் குழு கையால் வரைந்த கார்ட்டூன் படம் அது. வீட்டில் விளையாடும் கேம் அல்ல, காசு போட்டு விளையாடும் ஆர்கேடு மிஷின். மற்ற மிஷின்களுக்கு 25 சென்ட் வாங்கிய காலத்தில் இதற்கு 50 சென்ட் வாங்கினார்கள். திரையில் டிர்க் என்ற வீரன் ஒரு கோட்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பான். சரியான நொடியில் சரியான திசையைத் தள்ள வேண்டும், அல்லது வாள் பட்டனை அழுத்த வேண்டும். தவறினால் டிர்க் சாகும் காட்சி ஓடும். அவ்வளவுதான் கேம்.

அந்தப் படம் இருந்தது லேசர் டிஸ்க்கில். இது பார்ப்பதற்கு சிடி போலவே பளபளப்பாக இருக்கும், ஆனால் 30 செ.மீ. அகலம், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. இதன் ஒரு பக்கத்தில் 54,000 படங்கள் வரை பதியலாம். ஒவ்வொரு படத்துக்கும் தனி எண் உண்டு. நொடிக்கு 30 படம் என்று கணக்கிட்டால் 30 நிமிடம். மிஷினுக்குள் இருந்த இசட்80 பிராசசர், "இந்த எண்ணுக்குப் போ, அங்கிருந்து ஓட்டு" என்று லேசர் டிஸ்க் பிளேயருக்கு உத்தரவு போடும். நீங்கள் தவறு செய்தால் வேறு எண்ணுக்குத் தாவச் சொல்லும்.

பிளேயர் நாள் முழுவதும் இப்படித் தாவிக்கொண்டே இருந்ததால் சீக்கிரம் தேய்ந்து போனது. டிஸ்க்குக்கும் ஒரு வியாதி உண்டு. லேசர் டிஸ்க் என்பது இரண்டு தட்டுகளைப் பசை போட்டு ஒட்டியது. அந்தப் பசை சரியில்லை என்றால் உள்ளே காற்றும் ஈரமும் புகுந்து அலுமினியப் பூச்சு அரிக்கத் தொடங்கும். இதனை லேசர் ராட் என்பார்கள். முதலில் திரையில் சிறு புள்ளிகள் மின்னும். நாளாக ஆகப் புள்ளிகள் பெருகிப் படத்தையே மறைத்துவிடும். அரித்துப் போன டிஸ்க்கைச் சரி செய்ய வழியே இல்லை.

இங்கே புதியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உள்ளது. லேசர் டிஸ்க்கில் வீடியோ 0, 1 என்ற எண்களாகப் பதியப்படவில்லை. கேசட்டைப் போல அது அனலாக் சிக்னல். எனவே சிடியைக் காப்பி செய்வது போல இதைக் காப்பி செய்ய முடியாது. பிளேயரின் வீடியோ வயரைக் கம்ப்யூட்டரில் செருகி ரெக்கார்டு செய்வதுதான் ஆரம்பத்தில் இருந்த ஒரே வழி. மேட் ஓன்பி என்பவர் உருவாக்கிய டாஃப்னி என்ற எமுலேட்டர் இப்படிப் பிடித்த வீடியோவைத்தான் பயன்படுத்தியது. எமுலேட்டர் என்றால் ஒரு மிஷினைப் போலவே நடந்துகொள்ளும் சாப்ட்வேர். டாஃப்னி அந்த இசட்80 பிராசசராகவும் நடிக்கும், லேசர் டிஸ்க் பிளேயராகவும் நடிக்கும். பழைய புரோகிராம் தன் முன்னால் உண்மையான பிளேயர் இருப்பதாகவே நம்பி உத்தரவு போடும். இதன் வாரிசாக இப்போது ஹிப்சியஸ் சிஞ் என்ற சாப்ட்வேர் உள்ளது.

இந்த முறையில் படத்தின் தரம் உங்கள் பிளேயரையும் கேப்சர் கார்டையும் பொறுத்தது. ஆகவே அடுத்து வந்தவர்கள் பிளேயரை நம்புவதையே விட்டுவிட்டார்கள். சைமன் இன்ஸ் என்பவர் வடிவமைத்த டோம்ஸ்டே டூப்ளிகேட்டர் என்ற சர்க்யூட் போர்டு, பிளேயரின் லேசர் படிக்கும் மூல சிக்னலை, பிளேயர் அதைப் படமாக மாற்றுவதற்கு முன்பே எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு 4 கோடி முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 10 பிட்டில் எழுதுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 50 எம்பி, டிஸ்க்கின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 90 ஜிபி! பிறகு எல்டி-டீகோடு என்ற இலவச சாப்ட்வேர் அந்தச் சிக்னலைப் படமாக மாற்றும். நாளை இன்னும் நல்ல சாப்ட்வேர் வந்தால் அதே 90 ஜிபியிலிருந்து இன்னும் நல்ல படம் எடுக்கலாம். டிஸ்க்கை மறுபடியும் தொட வேண்டியதில்லை. (இந்தப் போர்டுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் 1986ல் பிபிசி லேசர் டிஸ்க்கில் வெளியிட்ட டோம்ஸ்டே புராஜெக்ட். பிரிட்டன் மக்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து உருவாக்கிய அந்தத் தகவல் களஞ்சியத்தைச் சில ஆண்டுகளிலேயே படிக்க மிஷின் கிடைக்காமல் போனது.)

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒரே டிஸ்க்கின் நான்கைந்து பிரதிகள் கிடைத்தால், அனைத்தையும் படித்து ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் இந்த சாப்ட்வேர் தொகுப்பில் உள்ளது. ஒவ்வொரு பிரதியும் வெவ்வேறு இடத்தில் அரித்திருக்கும். ஒன்றில் கெட்ட புள்ளி மற்றொன்றில் நன்றாக இருக்கும். நல்லவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால், தனியாகப் பார்த்தால் எதுவுமே முழுதாக இல்லாத பிரதிகளிலிருந்து ஒரு முழுப் பிரதி கிடைத்துவிடுகிறது.

சிடி வந்தது, படம் சுருங்கியது

90களில் சிடி ராம் டிரைவ் வீடுகளுக்கு வந்தபோது எஃப்எம்வி கேம்களும் வீட்டுக்கு வந்தன. 1993ல் தி செவன்த் கெஸ்ட் இரண்டு சிடியில் வந்தது. 1994ல் மார்க் ஹாமில் நடித்த விங் கமாண்டர் 3 நான்கு சிடி. 1995ல் கேப்ரியல் நைட் 2 ஆறு சிடி, ஃபேன்டாஸ்மகோரியா ஏழு சிடி! விளையாடும்போது நடுநடுவே சிடியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இத்தனை சிடி எதற்கு? 320க்கு 200 புள்ளிகள், 256 நிறங்கள் உள்ள ஒரு சிறிய படத்துக்கு 64,000 பைட் தேவை. நொடிக்கு 15 படம் காட்டினால் சுமார் 940 கேபி. முதல் தலைமுறை சிடி டிரைவ் நொடிக்குப் படித்ததோ வெறும் 150 கேபி. அதற்குள் ஒலியும் அடங்க வேண்டும். சுருக்காமல் வைத்தால் 650 எம்பி சிடியில் 12 நிமிடப் படம்தான் பிடிக்கும். அதையும் அந்த டிரைவால் ஓட்ட முடியாது. எனவே வீடியோவைக் கடுமையாகச் சுருக்கினார்கள். 1991ல் வந்த சினிபேக் என்ற முறை படத்தை 4க்கு 4 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஏறக்குறைய ஒரே மாதிரி உள்ள கட்டங்களுக்கு ஒரே அச்சைப் பயன்படுத்தும். வானம், சுவர் போன்றவற்றுக்கு இது சரி. மனித முகத்துக்கு? பழைய கேம்களில் நடிகரின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து தெரிவதன் காரணம் இதுதான்.

இப்போது நைட் டிராப் கதைக்கு வருகிறேன். இதனை 1987ஆம் ஆண்டு முழுத் தரத்தில் படம் பிடித்தார்கள். ஹாஸ்ப்ரோ நிறுவனம் விஎச்எஸ் கேசட்டில் இயங்கும் ஒரு கேம் மிஷினைத் தயாரித்துக்கொண்டிருந்தது, அதற்காக எடுத்த படம். அந்த மிஷின் விற்பனைக்கு வரவே இல்லை. டேப்புகள் ஐந்து ஆண்டுகள் காத்திருந்து, 1992ல் டிஜிட்டல் பிக்சர்ஸ் நிறுவனத்தின் கேமாகச் சேகா சிடியில் வெளிவந்தன. சேகா சிடியில் ஒரே நேரத்தில் 64 நிறங்கள்தான் காட்ட முடியும். நல்ல தரத்தில் எடுத்த படம் புள்ளி புள்ளியாக ஒரு சிறு ஜன்னலுக்குள் அடைந்துவிட்டது. 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் வன்முறை கேம்கள் பற்றி விசாரணை நடந்தபோது அதிகம் அடிபட்ட பெயர்களில் ஒன்று நைட் டிராப். அடுத்த ஆண்டே கேம்களுக்கு வயது வாரியாகத் தரச் சான்று கொடுக்கும் இஎஸ்ஆர்பி அமைப்பு உருவானது.

2017ஆம் ஆண்டு ஸ்கிரீமிங் வில்லன்ஸ் என்ற சிறு நிறுவனம் இதன் 25ஆம் ஆண்டுப் பதிப்பைக் கொண்டுவந்தது. 90களில் யாரும் பார்த்திராத தெளிவில் படம் ஓடியது. அசல் படப்பிடிப்புக் காட்சிகள் தப்பிப் பிழைத்திருந்ததால்தான் இது முடிந்தது. வெளிவராமல் போன அந்தக் கேசட் மிஷினுக்காக முதன்முதலில் செய்து பார்த்த சோதனை கேமையும் அதில் சேர்த்திருந்தார்கள். 1993ல் தன் மிஷினில் இது வரவே வராது என்று செனட்டில் சொன்ன நிண்டெண்டோவின் ஸ்விட்ச் மிஷினிலும் 2018ல் இது வந்துவிட்டது!

டேப் தப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிளேட் ரன்னர் உதாரணம். வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் 1997ல் நான்கு சிடிகளில் வெளியிட்ட கேம் இது. கண்டிப்பாகச் சொன்னால் நடிகர்களைப் படம் பிடித்த எஃப்எம்வி கேம் அல்ல. ஆனால் மழை பெய்யும் தெருக்கள், மின்னும் விளக்குகள் என்று பின்னணி முழுவதும் முன்பே தயாரித்த வீடியோ. எனவே சிக்கலும் அதேதான். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1998ல் வெஸ்ட்வுட்டை வாங்கி 2003ல் மூடியது. லாஸ் வேகாஸ் அலுவலகத்தைக் காலி செய்து மாற்றியதில் கேமின் சோர்ஸ் கோடும் மூலப் படங்களும் தொலைந்து போயின. மிச்சம் இருப்பது சுருக்கிப் பதிந்த அந்த நான்கு சிடி மட்டுமே.

சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது வயிற்றைக் கலக்கும் செய்தி. சோர்ஸ் கோடு இல்லாத புரோகிராம் என்பது செய்முறைக் குறிப்பு தொலைந்த பலகாரம். தின்று பார்த்து என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கம்விஎம் என்ற திட்டத்தின் தன்னார்வலர்கள் அதைத்தான் செய்தார்கள். சிடியில் உள்ள இயந்திர மொழியைப் படித்துப் புரிந்துகொண்டு, அதே வேலையைச் செய்யும் புரோகிராமைப் புதிதாக எழுதினார்கள். பல ஆண்டு உழைப்பு, 2019ல் முடிந்தது. அந்த டிசம்பரில் ஜிஓஜி இணையதளம் கேமை ஸ்கம்விஎம்முடன் சேர்த்து விற்கவும் தொடங்கியது.

2022ல் நைட்டைவ் ஸ்டூடியோஸ் இதன் மேம்படுத்திய பதிப்பை வெளியிட்டது. மூலப் படங்கள் இல்லாததால் சிடியில் இருந்த சுருங்கிய வீடியோவையே பெரிதாக்கினார்கள். புள்ளிகளை வழவழப்பாக்கியதில் நுணுக்கங்களும் சேர்ந்து மறைந்தன. ரசிகர்கள் கொதித்தார்கள். தனியாக விற்பதை நிறுத்தியிருந்த பழைய பதிப்பை ஜிஓஜி மீண்டும் விற்பனைக்கு வைத்தது. சுருக்கும்போது தூக்கி எறிந்த விவரத்தை எந்தச் சாப்ட்வேரும் திரும்பக் கொண்டுவராது, ஊகித்து ஒன்றை வரையத்தான் முடியும் என்பது என் கருத்து. வரைவது தவறில்லை. அசலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைப்பதுதான் தவறு.

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய சிடி இருக்கிறதா?

அப்பாவோ அண்ணனோ வாங்கிய பழைய கேம் சிடி கிடைத்தால் உடனே புதிய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கத் தோன்றும். பெரும்பாலும் ஓடாது. சிடி கெட்டுவிட்டது என்று நினைத்து விடாதீர்கள். அந்தக் காலத்து இன்ஸ்டால் புரோகிராம்கள் 16 பிட் வகை, 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்காது. வீடியோவைத் திறக்கும் கோடெக்குகளும் போய்விட்டன. இன்டெல்லின் இண்டியோ கோடெக்கைப் பாதுகாப்புக் காரணங்களுக்காக மைக்ரோசாப்ட் 2009ல் முடக்கத் தொடங்கியது. விண்டோஸுக்கான குவிக்டைமை 2016ல் ஆப்பிள் கைவிட்டது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச சாப்ட்வேர் சினிபேக், இண்டியோ, ஸ்மேக்கர், வெஸ்ட்வுட்டின் சொந்த வடிவம் என்று இவற்றில் பலவற்றை இன்றும் படிக்கும். விளையாட வேண்டும் என்றால் டாஸ் கேம்களுக்கு டாஸ்பாக்ஸ். மற்றபடி உங்கள் கேமின் பெயர் ஸ்கம்விஎம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். செவன்த் கெஸ்ட், ஃபேன்டாஸ்மகோரியா இரண்டும் உள்ளன.

முதலில் சிடியைக் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய லேப்டாப்களில் சிடி டிரைவ் இருப்பதில்லை. யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் போதும். சிடியில் உள்ள பைல்களை ஒரு போல்டருக்கு இழுத்துப் போடுவது காப்பி ஆகாது. பல கேம் சிடிகளில் பின்னணி இசை ஆடியோ டிராக்காகத் தனியே இருக்கும், அது போல்டரில் தெரியாது. ஐஎஸ்ஓ பைலாக எடுத்தாலும் இசை வராது. இன்னொரு சிக்கலும் உண்டு. சிடியின் ஒவ்வொரு செக்டாரும் 2352 பைட். சாதாரண டேட்டா சிடியில் 2048 பைட் மட்டும் தகவல், மீதியில் பெரும்பகுதி பிழை திருத்த உதவுவது. நம் ஊரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த விசிடி நினைவிருக்கிறதா? அதில் படம் இருக்கும் செக்டார்களில் 2324 பைட் தகவல் வைத்திருப்பார்கள். பிலிப்ஸ் சிடி-ஐ போன்ற மிஷின்களின் கேம்களும் இந்த முறையைப் பயன்படுத்தின. ஐஎஸ்ஓ 2048 உடன் வெட்டிவிடும், வீடியோ பாழ்.

ஆகவே பின், கியூ என்ற இரட்டைப் பைல்களாக எடுங்கள். பின் பைலில் செக்டார்கள் முழுசாக இருக்கும், கியூ பைலில் எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் இருக்கும். இம்க்பர்ன் என்ற இலவச சாப்ட்வேரில் டிஸ்க்கிலிருந்து இமேஜ் உருவாக்கும் பட்டனைக் கிளிக் செய்தால், இசை டிராக் உள்ள சிடிகளுக்கு அதுவே பின், கியூ எடுத்துக்கொள்ளும். வேகத்தைக் குறைத்து வையுங்கள். கீறல் விழுந்த சிடி மெதுவாகப் படித்தால் பிழைத்துக்கொள்ளும். டாஸ்பாக்ஸில் இந்தக் கியூ பைலை இம்ஜ்மவுண்ட் கட்டளை மூலம் சிடி டிரைவாகவே இணைக்கலாம்.

எடுத்த காப்பி சரியானதா என்று பார்க்க ஒரு எளிய வழி உள்ளது. செவன்-ஜிப் நிறுவியிருந்தால், பின் பைல் மீது ரைட் கிளிக் செய்து சிஆர்சி எஸ்எச்ஏ மெனுவில் எஸ்எச்ஏ-1 என்பதைத் தேர்ந்தெடுங்கள். எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீண்ட குறியீடு வரும். சிடியை இன்னொரு முறை, முடிந்தால் வேறு டிரைவில் படித்து மறுபடியும் பாருங்கள். ஒரு பிட் மாறியிருந்தாலும் குறியீடு முற்றிலும் மாறிவிடும். ரீடம்ப் என்ற திட்டத்தில் உலகெங்கும் உள்ளவர்கள் இப்படித்தான் ஒரே கேமின் வெவ்வேறு சிடிகளை ஒப்பிட்டு உறுதி செய்கிறார்கள். அவர்களது முறை இதைவிடக் கறாரானது. டிரைவ் மாடலைப் பொறுத்துச் சில திருத்தங்கள் செய்வதால், அவர்கள் பட்டியலில் உள்ள குறியீடு உங்களுடையதோடு பொருந்தவில்லை என்றாலும் பதற வேண்டாம்.

நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் புரோகிராமுக்குச் சேதத்திலிருந்து காக்கப் பிரதி எடுத்துக்கொள்ள இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதனை இணையத்தில் ஏற்றிப் பிறருக்குக் கொடுக்க அது அனுமதி இல்லை.

காப்பி எடுத்த பிறகு சிடியைத் தூக்கி எறியாதீர்கள். பெட்டியில் உள்ள மேனுவலையும் ஸ்கேன் செய்து அதே போல்டரில் போடுங்கள். சில கேம்கள் தொடங்கும்போது மேனுவலின் ஒரு பக்கத்தில் உள்ள சொல்லைக் கேட்கும், அது இல்லாமல் உள்ளே விடாது. சிடியை வைக்கும்போது எல்லோரும் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள். உண்மையில் ஆபத்து லேபிள் பக்கத்தில் இருக்கிறது. அலுமினியப் பூச்சு அந்தப் பக்கத்து மெல்லிய அரக்குக்குக் கீழேதான் உள்ளது. அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் போட்டுச் சரி செய்யலாம். லேபிள் பக்கம் கீறினால் தகவலே உரிந்து வந்துவிடும். அதன் மேல் பால் பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள்.